பின்னோக்கி வந்த மல்லாரி

"தாலி, மெட்டி, மூக்குத்தி, கம்மல், கொண்டை ஊசி, எல்லாத்தையும் கழட்டிடுங்கம்மா" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார் ஸ்கேன் எடுக்கிறவர், சட்டைப்பைக்கு மேல் பிலவேந்திரன் என்று பெயர் குத்தியிருந்தது, நான் கம்மல் இரண்டையும் கழற்றி என் நாத்தனார் செண்பகத்தின் உள்ளங்கையில் வைத்தேன், "அவ்வளவுதானா?" என்றார், அவ்வளவுதான், மற்றதையெல்லாம் நாலு வருஷத்துக்கு முன்பே கழற்றியாகிவிட்டது, அப்புறம்தான் அவர் என் கழுத்தைப் பார்த்தார், "சாரிம்மா, எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிப் பழகிடுச்சு" என்று தரையைப் பார்த்தார், செண்பகம் அவரை முறைத்தாள். இப்போது படுத்திருக்கிறேன். தலைக்கு மேல் ஒரு கூண்டு, காதுகளில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் கனத்த ஹெட்போன், வலது கையில் ஒரு ரப்பர் பந்து. "பயமா இருந்தா இதை அமுக்குங்க, நிறுத்திடுவேன், ஆனா நிறுத்தினா மொதல்லேருந்து எடுக்கணும், அரை மணி நேரம் அசையாம இருங்க, கொட்டாவிகூட விடாதீங்க, பாட்டு வேணா போடட்டுமா, சினிமா பாட்டு இருக்கு, சாமி பாட்டு இருக்கு." வேண்டாம் தம்பி, எனக்கு ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வேடிக்கை இல்லை. இடது காதில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இந்தக் குழாய்க்குள்ளும் என்கூட வந்து படுத்திருக்கிறது, நாலு சுரம் ஏறி இரண்டு இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி ஏறப்போகிற இடத்தில் அறுந்துவிடும், பிறகு முதலிலிருந்து. காலையில் காது டாக்டர் பெண் சொன்ன வாக்கியத்தை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை, தொண்டையில் மாத்திரை ஒட்டிக்கொள்ளுமே அந்த மாதிரி நிற்கிறது. "இது பழைய பாட்டு எதுவும் இல்லம்மா, காது கேக்காம போறப்ப மூளை சும்மா இருக்காது, தானே ஒண்ணைப் பாடிக்கும், நிறைய பேருக்கு வரும், பயப்படாதீங்க." தானே ஒண்ணைப் பாடிக்கும். அவள் பயப்படாதீங்க என்று சொன்னது உள்ளே இருக்கலாம் என்று அவள் சந்தேகப்படுகிற கட்டிக்காக, நரம்பில் சின்னதாக ஒன்று இருந்தால் எடுத்துவிடலாமாம், எடுத்தால் அந்தக் காது போய்விடும், சத்தமும் போய்விடும், நிம்மதியாகத் தூங்கலாமாம். நான் அவளிடம் கேட்க நினைத்ததைக் கேட்கவே இல்லை, எடுப்பதற்கு முன்னால் அந்தப் பாட்டின் மிச்சம் எனக்குக் கிடைத்துவிடுமா, அதை எப்படிக் கேட்பது, எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால், அவளிடம் போய், அம்மா, நான் அறுநூறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி, அது இந்த இடது காதுக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியுமா. "எப்ப ஆரம்பிச்சுதும்மா?" என்று கேட்டாள், நாவல் எழுத ஆரம்பித்தபோது என்றேன், அவள் எழுதிக்கொண்டாள். டக். ஆரம்பித்துவிட்டது. டக் டக் டக் டக், யாரோ தலைமாட்டில் உட்கார்ந்து ஆணி அடிக்கிறார்கள், அசையக் கூடாது, மூச்சு விடலாமா என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

சௌந்தரியை நினைத்துக்கொள், மனசை வேறெங்காவது வை. சௌந்தரி என் நாவலின் பெண், தஞ்சாவூர்ச் சீமையைக் குதிரைப்படை சூறையாடிய வருஷத்தில் இருபது வயது, புருஷன் நாகஸ்வரக்காரன், அவன் வாசிக்கிற கோயிலுக்கென்றே ஒரு மல்லாரி உண்டு, சுவாமி புறப்படும்போது வாசிக்கிற அந்த வகைதான், ஆனால் இது புறப்பாட்டுக்கு இல்லை, திரும்பி வரும்போது வாசிப்பது, சந்நிதித் தெரு அத்தனை குறுகல், பல்லக்கைத் திருப்ப இடமில்லை, அதனால் சுவாமி பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்கு வருவார், முகம் தெருமுனையைப் பார்த்தபடி, முதுகு கோயிலைப் பார்த்தபடி, அதற்கு ஒரு தனி வாசிப்பு, வாசித்துக்கொண்டே இருக்கும்போது படை வந்துவிடுகிறது, பாதியில் நாகஸ்வரத்தின் சீவாளி உதட்டைவிட்டுப் போய்விடுகிறது, புருஷன் விழுகிறான், சௌந்தரியின் காதில் நிற்பது அறுந்த இடம் வரைக்கும்தான். பிறகு அவள் ஊர் ஊராகப் போகிறாள், யார் கையில் நாகஸ்வரம் இருந்தாலும், தவில் இருந்தாலும், எதுவுமே இல்லாமல் வெறும் வாய் இருந்தாலும் முன்னால் நின்று பாடிக் காட்டிவிட்டுக் கேட்கிறாள், இதற்கு மேல் என்ன? அறுநூறு பக்கமும் அந்த ஒரு கேள்விதான். ஒருவன் தனக்குத் தெரியும் என்று பொய் சொல்லி அவளை இரண்டு போகம் களை எடுக்க வைக்கிறான், ஒருத்தி பைத்தியம் என்று வெந்நீரை ஊற்றுகிறாள், திருச்சி போகிற வழியில் ஒரு சாயபு மட்டும், எனக்குத் தெரியாது அம்மா, ஆனால் இன்னொரு தரம் பாடுங்கள் என்கிறார், அந்த அத்தியாயத்தை எழுதிய அன்றைக்கு நானே அழுதேன். தர்மாம்பாள் டீச்சர் கேட்டார், என் சிநேகிதி, இசைக் கல்லூரியில் வீணை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், "எந்தக் கோயில்லடி அரசி, சாமி பின்பக்கமா நடந்து வருது? நான் கேள்விப்பட்டதே இல்லையே?" கற்பனைதான் டீச்சர் என்றேன், "எப்படித்தான் தோணுதோ உனக்கு" என்றார், எனக்கே தெரியவில்லை எப்படித் தோன்றியது என்று, ஒரு நாள் பேனாவைத் திறந்தேன், சுவாமி பின்னோக்கி வந்துகொண்டிருந்தார். முதல் தடவை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காதில் ஓடுவதை அப்படியே பாடிக் காட்டினேன், "அசைச்சுப் பாடுடி, அசையாத சுரம் சுரமா, மரக்கட்டை" என்று வீணையை எடுத்து மடியில் வைத்து, முதல் சுரத்தை இழுத்து, இரண்டாவதை ஊஞ்சல் மாதிரி ஆட்டி, மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு வழுக்கிக்கொண்டு போனார், கமகம் சேர்த்ததும் அது எழுந்து உட்கார்ந்தது, எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. "ரொம்பப் பழசு இது, இப்ப யாரும் இதைத் தொடறதில்லை, உனக்கு எங்கேருந்துடி கிடைச்சுது?" சின்ன வயதில் கும்பகோணத்துத் தெருக்களில் எங்கோ கேட்டிருப்பேன் என்றேன், அப்படித்தான் நம்பினேன், பிறகு காதில் ஓடுவதும் அப்படியே அசைய ஆரம்பித்துவிட்டது, தர்மாம்பாள் டீச்சரின் விரல்களோடு, மீட்டோடு, நாலு வருஷமாக அப்படித்தான் கேட்கிறேன். வீட்டில் முணுமுணுத்தால் செண்பகம், மாயவரத்திலிருந்து வந்து ஒரு வாரம் இரண்டு வாரம் என்னோடு இருப்பாள், "அண்ணி, தூக்கம் வருது, கச்சேரியை நிறுத்துங்க" என்பாள். பதிப்பாளர் போன் செய்கிறார், "அம்மா, அட்டைப்படம்கூட வந்துடுச்சு, கடைசி அத்தியாயம் எங்கே, நீங்க கண்டுபிடிப்பீங்களா, சௌந்தரி கண்டுபிடிப்பாங்களா?" வெளியீட்டு விழாவில் ஒரு நாகஸ்வரக்காரரை வைத்து அந்த மல்லாரியை முழுசாக வாசிக்க வைப்பதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். முழுசாக. எதை. மூளை தானே ஒண்ணைப் பாடிக்கும். டீச்சரிடம் போய் எப்படிச் சொல்வேன், அது பழசும் இல்லை ராகமும் இல்லை டீச்சர், ஒரு கட்டி, ஒரு பட்டாணி அளவுக்குக் கட்டி, அதற்குத்தான் நீங்கள் ஊஞ்சல் கட்டினீர்கள்.

"நல்லா ஒத்துழைக்கிறீங்கம்மா, அடுத்தது கொஞ்சம் சத்தமா இருக்கும்" என்றது ஹெட்போன், வலது காதில் பிலவேந்திரன், இடது காதில் சௌந்தரி. பிறகு அது வந்தது, ஆணி அடிக்கிற சத்தம் இல்லை, ஒரு நீளமான சுரம், பீஈஈம், நின்று, மறுபடி பீஈஈம், எனக்குப் பழக்கம், எந்தச் சத்தத்துக்கும் சுருதி பார்ப்பேன், மிக்ஸிக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, இதற்கும் பார்த்தேன், என் மல்லாரியின் முதல் சுரமேதான், சரியாக அதே உயரம், ஆனால் அசைவில்லை, ஆரம்பித்த இடத்தில் முளை அடித்தது மாதிரி நிற்கிறது, இயந்திரத்துக்கு யார் கமகம் சொல்லிக்கொடுப்பார்கள். அது பிடித்த பிடியில் காதுக்குள் இருந்ததும் ஆடுவதை நிறுத்திவிட்டது. முதல் சுரம் ஆடவில்லை. இரண்டாவது, ஊஞ்சல் நின்றுவிட்டது. மூன்றாவது, நாலாவது, வழுக்கல் இல்லை, படி படியாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெட்டி வைத்த மாதிரி, பீம் பீம் பீம் பீம், இரண்டு இறக்கம், நிறுத்தம். தர்மாம்பாள் டீச்சரின் விரல்கள் அதைவிட்டுப் போய்விட்டன. மரக்கட்டையாக அது நின்றது, அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம். ரப்பர் பந்து கையில் இருக்கிறது. அமுக்கக் கூடாது. இது வண்டி. இது வண்டி பின்னால் வரும்போது பாடுகிற பாட்டு. ரிவர்ஸ் போட்டால் தானாகப் பாடுமே, தெருவில் விளையாடுகிறவர்கள் ஒதுங்குவதற்காக வைப்பார்களே, அந்தப் பாட்டு. எந்த வண்டி. வேண்டாம். எந்த வண்டி என்று தெரியும். எங்கள் சந்தில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது, காஸ் வண்டியானாலும் கல்யாணக் காரானாலும் முனையிலேயே திருப்பிக்கொண்டு பின்பக்கமாகத்தான் வீடு வரைக்கும் வர வேண்டும், அன்றைக்கு அந்த வண்டியும் அப்படித்தான் வந்தது, முகம் தெருமுனையைப் பார்த்தபடி, முதுகு வீட்டைப் பார்த்தபடி, வெள்ளை வண்டி, பக்கவாட்டில் அமரர் ஊர்தி என்று நீல எழுத்து, மேலே வாடிப்போன மாலை, உள்ளே வைத்தி. என் வைத்தியலிங்கம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே, யாரோ அவருடைய போனிலிருந்தே எனக்குக் கூப்பிட்டு, "ஐயாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்கள், இரவெல்லாம் வண்டி வந்து, காலையில் நல்ல வெயில், எதிர்வீட்டில் யாரோ வடகம் காயப்போட்டிருந்தார்கள், அதை ஓடி ஓடி எடுத்தார்கள், அதற்குள் வண்டி பாட ஆரம்பித்துவிட்டது. என்ன உற்சாகமான பாட்டு. குழந்தைகளுக்கு மிட்டாய் விற்கிற மாதிரி. சந்து முழுக்கத் தலைகள், ஒருவரும் அழவில்லை, அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படி அழுவது என்று யாருக்கும் தெரியவில்லை, செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், டிரைவர் புது ஆள், இடதுபக்கம் வாய்க்கால் என்று அவருக்குத் தெரியாது, இரண்டு தடவை சுவரை உரசினார், ஆண்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள், அப்போது ஒருத்தி முன்னால் போய் நின்றாள். கலைந்த தலை, செருப்பில்லை. வலது கையைத் தூக்கி, வா, வா, இன்னும் வா, இடதுபக்கம் ஒடி, வா. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் பின்னோக்கி நடக்கிறாள், வண்டியும் பின்னோக்கி நடக்கிறது, வா, வா, நாலு சுரம் ஏறுகிறது, இரண்டு இறங்குகிறது, வாசற்படிக்கு நேரே வந்ததும் அவள் வண்டியின் முதுகில் பட்டென்று ஒரு தட்டு தட்டி, போதும் என்கிறாள். பாட்டு அறுந்தது.

நான்தான். நானா நிறுத்தினேன். நாலு வருஷமாக ஊர் ஊராக ஒருத்தியை அலையவிட்டு, இதற்கு மேல் என்ன, இதற்கு மேல் என்ன என்று கேட்க வைத்தேனே, இதற்கு மேல் என் கைதான், போதும் என்ற என் குரல்தான், அதற்கு மேல் டிரைவர் கியரை மாற்றினார், அதற்கு மேல் பின்கதவு திறந்த சத்தம், பிறகுதான் எல்லோரும் அழுதார்கள், அப்படி ஒரு அழுகை, நான் அழவில்லையாம், கல்லு மாதிரி நின்னா என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பாட்டு என் நினைவில் எங்குமே இல்லை, வடகம் இருக்கிறது, நீல எழுத்து இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லாமல் அந்தக் காலையை வைத்திருந்தேன், ஊமைப் படம் மாதிரி, அதன் சத்தத்தைத் தனியாகப் பிரித்து எடுத்து இடது காதில் போட்டுவைத்து, அதற்குக் கமகம் சேர்த்து, கோயில் கட்டி, இருநூற்றுச் சொச்ச வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன். தெருவில் எந்த வண்டியாவது பின்னால் வந்தால் சட்டென்று கொல்லைப்பக்கம் போய் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன் என்பதுகூட இப்போதுதான் தெரிகிறது, துணி எடுக்க வேண்டும், கருவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூளை தானே ஒண்ணைப் பாடிக்கும். தானே இல்லை டாக்டர். கண்ணீர் கண்ணின் ஓரத்தில் நிரம்பி நெற்றிப்பொட்டு வழியாகக் காதுக்குப் போகிறது, இரண்டு பக்கமும், ஹெட்போனுக்கு அடியில் பஞ்சு ஈரமாகிறது, துடைக்க முடியாது, அசைந்தால் முதலிலிருந்து, அசையாதே, கல்லு மாதிரி இரு, உனக்குத்தான் தெரியுமே, உன்னால் முடியும், அன்றைக்கு நின்றாயே. பீஈஈம். பீஈஈம். பந்து என் கைக்குள் வியர்த்துக்கிடக்கிறது, நான் அமுக்கவில்லை, ஒரு தடவை நிறுத்தியது போதும். "கடைசி சீரீஸ்மா, ரெண்டு நிமிஷம்" என்றது வலது காது, இரண்டு நிமிஷத்தில் சௌந்தரிக்கு நான் என்ன பதில் சொல்வது, உன் மல்லாரியை வாசித்தது நாகஸ்வரம் இல்லை, வண்டியின் பின் விளக்குக்குப் பக்கத்தில் திருகாணி போட்டு மாட்டிய ஒரு சின்னப் பெட்டி, நீ கேட்ட பதிலை ஒரு மெக்கானிக் சொல்லியிருப்பான், நீ ஏன் எல்லாக் கோயிலிலும் போய்க் கேட்டாய். அவள் அதற்கும் என்னைப் பார்த்து அதையேதான் கேட்கிறாள். சரி, இதற்கு மேல் என்ன? சத்தம் நின்றது. பலகை என்னை வெளியே தள்ளியது. பிலவேந்திரன் கூண்டைத் திறந்து என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார், "ஐயோ, அழுதீங்களா, பயந்துட்டீங்களா, பந்தை அமுக்கியிருக்கலாமேம்மா." பயம் இல்லை தம்பி என்றேன், "படம் தெளிவா வந்திருக்கும்மா, துளி அசைவில்லை, சின்ன வயசுக்காரங்களே இவ்வளவு நேரம் இருக்க மாட்டாங்க" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வெளியே பெஞ்சில் செண்பகம் கம்மலை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் உட்கார், கொஞ்சம் இரு என்றேன், என்ன சொன்னாங்க என்றாள், ஒண்ணும் சொல்லலை, இதைக் கேள் என்று அந்த நாலு சுரத்தையும் இரண்டு சுரத்தையும் பாடினேன், அசைக்காமல், மரக்கட்டையாக, பீம் பீம் பீம் பீம், அறுந்த இடத்தில் நிறுத்தினேன். செண்பகத்தின் முகம் வெளுத்துவிட்டது. "இது அண்ணன் வந்த வண்டி பாட்டுல்ல" என்றாள், உடனே, யோசிக்கவே இல்லை. "நாலு வருஷமா இதைத்தானே உன் முன்னால பாடிக்கிட்டிருக்கேன்." "எங்க? நீங்க பாடினது கச்சேரி மாதிரில்ல இருந்துச்சு? இது வண்டி பாட்டு. நீங்கதான் வா வான்னு கூப்பிட்டுட்டே வந்தீங்க, அன்னிக்கு உங்களைப் பார்த்துதான் எனக்குப் பயமாயிடுச்சு, அண்ணனைப் பார்த்துகூட இல்ல." அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கம்மலை எடுத்தாள், அவளே போட்டுவிட வந்தாள், வலது காதுப்பக்கம் அவள் முகம், நல்ல காது. "இதுக்கு மேல என்ன செண்பகம்?" "எதுக்கு மேல?" "அந்தப் பாட்டு. நான் நிறுத்தினேனே, அதுக்கு மேல." "எங்க தெரு பால் வண்டியிலயும் இதேதான், விடிஞ்சா கேக்கலாம். இங்கயா பாடச் சொல்றீங்க, எல்லாரும் பாக்குறாங்க அண்ணி." பாடு என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள், நாலு ஏற்றம், இரண்டு இறக்கம், அறுந்த இடத்துக்கு வந்ததும் அவளும் நின்றாள், என்னைப் பார்த்தாள், என் கை மடியில்தான் இருந்தது, நான் அதைத் தூக்கவில்லை, போதும் என்று சொல்லவில்லை. அவள் அந்த இடத்தைத் தாண்டினாள். சின்னதாகத்தான் இருந்தது, ஒரு மூச்சுகூட இல்லை, ஏறிப் போய்த் தொட்டுவிட்டு ஆரம்பித்த இடத்துக்கே வந்து இறங்கிவிட்டது. "அவ்வளவுதானா?" என்றேன். கம்மலின் திருகைத் திருகிக்கொண்டே செண்பகம் சொன்னாள், "அவ்வளவுதான் அண்ணி. திரும்ப மொதல்லேருந்து வரும், வண்டி நிக்கிற வரைக்கும்."